காலிப் பை

பையைப் பூட்டும் முன் ஒருமுறை திறந்து பார்.
இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

மிக்கேலியிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி
ஏரிக்கரை நடனக்கூடத்து மேடையில் திறந்தேன்.
உள்ளே ஒரு வயர்,
ஒன்பது வோல்ட் பேட்டரி நான்கு (மூன்று செத்தவை),
கொசு மருந்து,
காகித நாப்கினில் போன வருடக் கல்யாணத்தின் பாட்டு வரிசை.
பேஸ் கிட்டார்
வீட்டு நடையில் கோட்டு ஆணிக்குக் கீழே
சாய்ந்து நின்றிருக்கும்.

"தூக்கும்போது தெரியலையா?" என்றாள் ரைலி,
அக்கார்டியனை மடியில் ஏற்றியபடி.
தெரிந்தது.
புது வார் நல்ல வார் என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ரம்மர் டௌனோ சிரித்துச் சிரித்து
வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றான்.
திரும்பி வந்து மறுபடி சிரித்தான்.
"சும்மா நில்லு, யாருக்கும் தெரியாது.
எட்டு வருஷமா அதைத்தானே செய்யறே."

பக்கத்து ஊரில் ஊர்போ இருந்தான்.
படகு மோட்டார் பழுது பார்ப்பவன்,
ஐம்பது யூரோ குறைத்துக் கேட்டு
எங்கள் கோடைவிழாக் கச்சேரியைப் பிடுங்கியவன்.
ஃபோனை எடுக்க மாட்டான் என்று வேண்டிக்கொண்டே
கூப்பிட்டேன். எடுத்தான்.
பன்னிரண்டு நிமிடத்தில் டீசல் வாசனையோடு
பேஸைக் கொண்டுவந்து கொடுத்தான், கூடவே
கேட்காத புத்திமதியையும்:
"ஆம்ப் மேல பியர் வைக்காதே.
வயரை முழங்கையில சுத்தாதே, உள்ளே முறுக்கிக்கும்.
தந்தியைத் துடைக்காதே,
அந்த அழுக்குக்கு உன்னைவிட அனுபவம் ஜாஸ்தி.
கடைசி ரவுண்டுக்கு முன்னாடியே காசை வாங்கிடு.
வண்டியை எப்பவும் வெளியே பார்த்து நிறுத்து."
எல்லாம் சொன்னான்.
தான் இடதுகைக்காரன் என்பதைத் தவிர.

மாட்டிக்கொண்டேன். தடித்த தந்தி
தரைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.
பதினேழு வருடம் பழகிய விரல்கள்
மாமியார் அடுக்களையில் உப்பு தேடுவதுபோல்
ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடின.

"ஏ மைனர்," என்றேன். "எல்லாப் பாட்டும்."
"வால்ட்ஸுமா?"
"வால்ட்ஸும்."
"அந்தச் சுருதியில இல்மோ பாடினா நரம்பு தெறிச்சுடும்."
தெறிக்கட்டும்.
ஏ, ஈ: இரண்டும் திறந்த தந்தி.
வலது கட்டைவிரல் இருந்தால் போதும்.
இடது உள்ளங்கையால்
மற்ற தந்திகளின் வாயைப் பொத்திக்கொண்டேன்,
இல்லாவிட்டால் அவை முனகும்.
நடுநடுவே அதே கையால் கொசு அடித்தேன்.
அதுவும் தாளத்தில்தான் விழுந்தது.

பதினொரு மணிக்கும் வெயில் போகவில்லை.
மூன்றாவது டாங்கோவில்
முதல்முறையாகச் செருப்புச் சத்தம் கேட்டது,
பலகைமேல் நூறு ஜோடி.
எனக்கும் டௌனோவின் பெரிய ட்ரம்முக்கும் நடுவே
இத்தனை நாள் நான் சாமான் போட்டு
அடைத்து வைத்திருந்த இடம்
காலியாகக் கிடந்தது.
அதற்குள் புகுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ரவுண்டுக்கு முன்னால் காசு கேட்டேன்.
எண்ணிக் கொடுத்த மேலாளர் அம்மாள் சொன்னாள்:
"ஆளை மாத்தினது நல்லதாப் போச்சு.
போன தடவை வந்தவர் ரொம்பப் பேசுவார், கையால."
நன்றி, அவரிடம் சொல்கிறேன் என்றேன்.
டௌனோ மறுபடி ஏரியைப் பார்க்கப் போய்விட்டான்.

இரண்டரை மணி. விடிந்தே இருந்தது.
ஊர்போ தூங்காமல் கொட்டகை வாசலில்
ஒரு புரொப்பெல்லரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
பெட்ரோலுக்கு இருபது யூரோ நீட்டினேன்.
யோசிக்காமல் வாங்கிக்கொண்டான்.
"எத்தனை ஸ்வரம் வாசிச்சே?"
"ரெண்டு."
"ம். ஒண்ணு ஜாஸ்தி."

வண்டியை உள்ளே பார்த்து நிறுத்தியிருந்தேன்.
பின்னால் எடுத்தேன்,
அவனுடைய உருளைக்கிழங்குப் பாத்திமேல்.